எத்தனை இன்னிங்ஸ் போதும்? கருண் நாயரும் அணித் தேர்வு என்னும் தீராத வழக்கும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரமெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. நான்கு நாட்களில் இங்கிலாந்துக்கு எதிரான ஐந்தாவது டெஸ்ட் தொடங்க வேண்டியிருந்ததால், சேப்பாக்கம் மைதான ஊழியர்கள் ஈரமான ஆடுகளத்தைக் கரி நெருப்பு மூட்டி உலர்த்தினார்கள். அந்த ஆடுகளத்தில்தான் டிசம்பர் 19 அன்று, தன் மூன்றாவது டெஸ்டை ஆடிக்கொண்டிருந்த 25 வயது கருண் நாயர், 381 பந்துகளில் 303 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். முதல் டெஸ்ட் சதத்தையே முச்சதமாக வளர்த்தவர்கள் அதற்கு முன் இருவர்தான்: கேரி சோபர்ஸும் பாப் சிம்சனும். இந்தியா 7 விக்கெட் இழப்புக்கு 759 ரன் குவித்து டிக்ளேர் செய்தது. டெஸ்டில் இந்தியா அதற்கு மேல் எடுத்ததில்லை.

இந்தியாவின் அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் வங்கதேசத்துக்கு எதிராக நடந்தது. ஆடும் பதினொருவரில் கருண் நாயர் இல்லை.

அணித் தேர்வு பற்றி நம் ஊர் டீக்கடையில் தொடங்கி அலுவலகத்து மதிய உணவு மேசை வரை நடக்கும் வாதங்களில், இந்த ஒரு முடிவைப் போலத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படும் முடிவு வேறில்லை. முச்சதம் அடித்தவனையே வெளியே உட்கார வைத்தவர்கள் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாதிக்க ஒன்றுமில்லை என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹைதராபாத் முடிவை ஓரளவு ஒப்புக்கொள்ள முடியும். அதற்குப் பின் நடந்தவைதான் ஒப்புக்கொள்ள முடியாதவை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, தேர்வு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி முடிவுகள் அடங்கியிருப்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பதினைந்து பதினாறு பேர் கொண்ட அணியை அறிவிப்பது கிரிக்கெட் வாரியத்தின் ஐவர் தேர்வுக்குழு. நெடுங்காலம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று மண்டலத்துக்கு ஒருவராக அமைந்திருந்த குழு இது. அணித்தலைவரும் பயிற்சியாளரும் அங்கே கருத்துச் சொல்லலாம், ஆனால் வாக்கு அவர்களுக்கு இல்லை. 1971இல் குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்ட் தன் தீர்மான வாக்கைக் கொண்டு பட்டோடியிடமிருந்த தலைமையை அஜித் வடேகருக்கு மாற்றியதும், அதே ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா தொடரை வென்றதும் அந்தக் குழுவின் அதிகாரத்துக்குப் பழைய சாட்சி. அந்தப் பதினைந்து பேரில் ஆட்டத்தன்று களமிறங்கும் பதினொருவரை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அணித்தலைவரும் பயிற்சியாளரும்தான். ரசிகர்களின் கோபம் இந்த இரண்டு வாசல்களையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கருண் நாயரோ வெவ்வேறு காலங்களில் இரண்டு வாசல்களிலும் தடுத்து நிறுத்தப்பட்டவர்.

சேப்பாக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்ததே அஜிங்க்ய ரஹானே விரலில் காயம்பட்டு விலகியதால்தான். ஹைதராபாத்துக்கு ரஹானே திரும்பி வந்தார். ஐந்து பந்துவீச்சாளர்களுடன் ஆடுவது என்று விராட் கோலி முடிவெடுத்ததால், விக்கெட் கீப்பர் சாஹா நீங்கலாக ஐந்து மட்டையாளர்களுக்கு மட்டுமே இடமிருந்தது. ராகுல், விஜய், புஜாரா, கோலி ஆகிய நால்வருக்குப் பிறகு எஞ்சிய ஒரே இடத்துக்கு ரஹானே, கருண் என்று இருவர் இருந்தார்கள். ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஆடியது இன்னொருவரின் இரண்டு ஆண்டு உழைப்பை மறைத்துவிடாது என்ற பொருளில் கோலி விளக்கம் சொன்னார். ரஹானே அந்த ஆட்டத்தில் 82 ரன் எடுத்தார்.

கோலி சொன்ன காரணம், ஃபார்ம் என்ற அளவுகோலையே ஒதுக்கி வைக்கும் காரணம் என்பதைக் கவனிக்க வேண்டும். காயத்துக்கு முன் இங்கிலாந்துக்கு எதிரான அதே தொடரில் ரஹானே மூன்று டெஸ்டுகளில் எடுத்தது மொத்தம் 63 ரன்தான். அண்மை ஆட்டங்களை மட்டும் பார்த்தால், 303க்கும் 63க்கும் இடையில் யோசிக்கவே தேவையில்லை. ஆனால் ரஹானேயின் கணக்கில் 2015 டில்லி டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் அடித்த சதங்கள் இருந்தன, 2016 அக்டோபரில் இந்தோரில் அடித்த 188 இருந்தது, அயல்நாட்டு ஆடுகளங்களில் அவர் ஆடிய பல நல்ல ஆட்டங்கள் இருந்தன. ஆக, ஒரு பெரிய ஆட்டத்தைவிட நீண்ட காலப் பதிவே நம்பத்தகுந்தது என்பது அன்றைய வாதம். இது நியாயமான வாதம். ஒரு முச்சதம் என்பது எவ்வளவு பெரிதானாலும் ஒரே ஒரு இன்னிங்ஸ்தானே.

அதே அளவுகோல் ஒரு மாதம் கழித்துக் கருணுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் சிக்கல். 2017 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெங்களூரில் ஆறு மட்டையாளர்களுடன் ஆடுவதென்று இந்தியா முடிவெடுத்தபோது அவருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. காயம்பட்ட முரளி விஜய்க்குப் பதிலாக நம் அபினவ் முகுந்த் திரும்பியதும் அதே ஆட்டத்தில்தான். பெங்களூரில் 26, பிறகு மிட்செல் ஸ்டார்க்கின் பந்தில் 0, ராஞ்சியில் 23, தர்மசாலாவில் 5. நான்கு இன்னிங்ஸ், 54 ரன். அதன் பிறகு அவர் இந்தியாவுக்காக எட்டு ஆண்டுகள் டெஸ்ட் ஆடவில்லை. ரஹானேயை எடைபோட இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. கருணை எடைபோட நான்கு இன்னிங்ஸ் போதுமானதாக இருந்தது. அவரிடமும் நீண்ட பதிவு ஒன்று இருந்தது. 2015 மார்ச்சில் நடந்த ரஞ்சிக் கோப்பை (மாநில அணிகள் மோதும் உள்நாட்டுத் தொடர்) இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்கு எதிராகக் கர்நாடகத்துக்காக அவர் அடித்த 328ஐ நம் அணியின் பந்துவீச்சாளர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

நான்கு இன்னிங்ஸோ எட்டு இன்னிங்ஸோ ஒரு மட்டையாளரைப் பற்றி உண்மையில் எவ்வளவு சொல்லும் என்பதைச் சற்று கணக்குப் போட்டே பார்க்கலாம். மட்டையாட்டத்தின் இயல்பு விசித்திரமானது. ஒரே ஒரு தவறு, அல்லது எதிரணியின் ஒரே ஒரு நல்ல பந்து, அன்றைய கணக்கை முடித்துவிடுகிறது. ஒவ்வொரு ரன்னிலும் ஆட்டமிழக்கும் ஆபத்து சமமாக இருக்கிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டால், 50 சராசரி கொண்ட உயர்தர ஆட்டக்காரரே மூன்று இன்னிங்ஸில் ஒன்றில் 20க்குக் கீழே வெளியேறுவார். டெண்டுல்கர் 329 டெஸ்ட் இன்னிங்ஸில் 51 சதம் அடித்தார். அதாவது சதம் வராத நாட்கள் அவருக்கே ஆறில் ஐந்துக்கு மேல். இதே எளிய கணக்கின்படி, உண்மையான தரம் 40 சராசரிக்குரியதாக இருக்கும் ஒருவர், ஏதேனும் எட்டு இன்னிங்ஸில் மொத்தம் 205 ரன்னுக்கு மேல் எடுக்காமல் போவதற்கு ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தொடக்கத்தில் ஆபத்து கூடுதலாகவும் நிலைத்த பின் குறைவாகவும் இருப்பது களத்தின் உண்மை என்பதால், ஏற்ற இறக்கம் நடைமுறையில் இன்னும் பெரிதாகத்தான் இருக்கும். 205 என்ற எண்ணை நான் ஏன் எடுத்தேன் என்பது பின்னால் தெரியும்.

இதிலிருந்து ஃபார்ம் என்று ஒன்றே கிடையாது என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. உடல் களைப்பு, மனச்சோர்வு, காலசைவில் புகுந்துவிடும் பழக்கம், குறிப்பிட்ட ஒரு வகைப் பந்துக்கு ஆளாகும் பலவீனம் ஆகியவையெல்லாம் உண்மையானவை. 2014இல் இங்கிலாந்தில் கோலி பத்து இன்னிங்ஸில் 134 ரன் மட்டுமே எடுத்தார், சராசரி 13.40. ஜேம்ஸ் ஆண்டர்சன் மட்டுமே அவரை நான்கு முறை வீழ்த்தினார். மேலே சொன்ன கணக்கில் அவ்வளவு தாழ்ந்த எண்ணைத் துரதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நகரும் பந்தைத் துரத்தும் குறை கண்கூடாகத் தெரிந்தது. ஆயினும் தேர்வாளர்கள் அவரைக் கைவிடவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடரில் அவர் நான்கு சதங்களுடன் 692 ரன் குவித்தார். 2018இல் மீண்டும் இங்கிலாந்து சென்றபோது 593 ரன் எடுத்தார். ஆண்டர்சனால் அந்தத் தொடரில் ஒருமுறைகூட அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. பிறகு 2019 நவம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை எந்த வகை சர்வதேச ஆட்டத்திலும் அவருக்குச் சதம் வராத காலம் வந்தது. அப்போதும் இடம் நிலைத்திருந்தது. அந்தப் பொறுமை தவறு என்று நான் சொல்லவில்லை. அது சரியான பொறுமை, பலனும் தந்த பொறுமை. ஆனால் அந்தப் பொறுமை ஒரு பண்டம் என்பதையும், அது எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை என்பதையும் ரசிகர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள். ஃபார்ம் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் யாருக்கு எத்தனை வாய்ப்பு என்ற சண்டைகள்தான்.

இங்கிலாந்து அணி இந்தக் கேள்வியை வெளிப்படையாகவே கையாண்டது. ஸாக் கிராலியின் சராசரி 30ஐ ஒட்டித் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், சீராக ரன் எடுப்பது அவர் வேலை அல்ல, அவருடைய நாள் வரும்போது ஆட்டத்தையே வென்று தருவதுதான் அவர் வேலை என்ற பொருளில் பயிற்சியாளர் மெக்கல்லம் பேசினார். 2023 ஆஷஸ் தொடரில் கிராலி மான்செஸ்டரில் அடித்த 189 உட்பட 480 ரன் எடுத்தார். அந்த வாதம் ஏற்கத்தக்கதா என்பதில் இங்கிலாந்து ரசிகர்கள் இன்றுவரை இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஆனாலும் தன்னிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்பது அந்த ஆட்டக்காரருக்குத் தெரிந்திருந்தது.

கருணுக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. 2018இல் இங்கிலாந்து சென்ற டெஸ்ட் அணியில் அவர் தொடக்கம் முதலே இருந்தார். கடைசி இரண்டு டெஸ்டுகளுக்காக ஹனுமா விஹாரியும் பிரித்வி ஷாவும் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். ஓவல் டெஸ்டில் கூடுதல் மட்டையாளர் தேவைப்பட்டபோது, மாதக்கணக்கில் அணியோடு இருந்த கருணைத் தாண்டி, புதிதாக வந்த விஹாரிக்கு வாய்ப்பு தரப்பட்டது. விஹாரி அந்த ஆட்டத்தில் 56 ரன் எடுத்தார் என்பது அந்த முடிவுக்குப் பின்னால் கிடைத்த ஆதரவு மட்டுமே. அடுத்த தொடருக்கான அணியில் கருண் பெயர் இல்லை. யாரும் தன்னிடம் எதுவும் பேசவில்லை என்று அவர் சொன்னார். பேசினோம் என்று தேர்வுக்குழுத் தலைவர் சொன்னார். யார் சொன்னது சரி என்பதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அணியில் இருந்துகொண்டே எந்த டெஸ்டிலும் ஒரு பந்தையும் சந்திக்காத ஒருவர், எந்த ஃபார்மின் பேரில் நீக்கப்பட்டார்? ஹைதராபாத் முடிவுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. ஓவல் முடிவுக்கு இருந்த காரணம் எதுவாயினும் அது அவருக்கும் நமக்கும் சொல்லப்படவில்லை.

பிறகு வந்த ஆண்டுகளில் அவர் உண்மையாகவே ரன் எடுக்கத் திணறினார். கர்நாடக அணியிலும் இடம் போனது. 2022 டிசம்பர் 10 அன்று, அன்பான கிரிக்கெட்டே, எனக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடு என்று ஒற்றை வரி எழுதினார். அடுத்த ஆண்டு விதர்பாவுக்குப் போனார், இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டிக்கு ஆடினார். 2024-25இல் உள்நாட்டு ஒருநாள் தொடரான விஜய் ஹசாரே கோப்பையில் அவர் எடுத்தவை எட்டு இன்னிங்ஸில் 779 ரன், ஐந்து சதம், சராசரி 389.50. எட்டில் இரண்டு முறைதான் அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடிந்தது. அதே பருவத்தில் ரஞ்சியில் 863 ரன். கேரளத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 86, 135. விதர்பா கோப்பை வென்றது.

இங்கே அடுத்த கேள்வி எழுகிறது: உள்நாட்டு ரன்னுக்கு என்ன விலை? ரசிகர்களில் ஒரு பகுதியினர் ரஞ்சி ரன்னை, பாடுபட்டவனுக்குச் சேர வேண்டிய கூலியாகப் பார்க்கிறார்கள். கொடுக்காவிட்டால் அது அநீதி. தேர்வாளர்களோ அதைக் கூலியாகப் பார்ப்பதில்லை, விதைநெல்லைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அடுத்த நிலத்தில் இது முளைக்குமா என்பதே அவர்கள் கவலை. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இந்த வலி புதிதல்ல. முதல்தர ஆட்டங்களில் 10,000 ரன்னுக்கு மேல், 54க்கு மேற்பட்ட சராசரியில் எடுத்த சுப்பிரமணியம் பத்ரிநாத்துக்குக் கிடைத்தவை 2010இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான இரண்டு டெஸ்டுகள் மட்டுமே. அறிமுக இன்னிங்ஸில் நாக்பூரில் 56 எடுத்தவர் அவர். டிராவிட், டெண்டுல்கர், லட்சுமணன் ஆகியோர் ஆடிய காலத்தில் நடுவரிசைக் கதவு அடைத்தே கிடந்தது என்பதும் உண்மை. மும்பையின் சர்ஃபராஸ் கான் 2019-20 ரஞ்சியில் 928, 2021-22இல் 982 ரன் எடுத்தும் 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் நியூசிலாந்துக்கு எதிராக 150 அடித்த சில மாதங்களிலேயே அவரும் அணியிலிருந்து விலக்கப்பட்டார்.

எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். பாகிஸ்தானின் ஃபவாத் ஆலம் 2009 ஜூலையில் கொழும்பில் ஆடிய தன் முதல் டெஸ்டிலேயே 168 அடித்தார். மூன்று டெஸ்டோடு ஓரங்கட்டப்பட்டார். உள்நாட்டில் ஆண்டுதோறும் ரன் குவித்தும், மார்பைப் பந்துவீச்சாளரை நோக்கித் திருப்பி நிற்கும் விசித்திரமான முறை காரணமாகச் சந்தேகத்தோடே பார்க்கப்பட்ட அவர், 2020 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டனில் திரும்பி வந்தபோது பதினோரு ஆண்டுகள் ஓடியிருந்தன. வந்த முதல் இன்னிங்ஸில் பூஜ்ஜியம். அப்போது நிறுத்தியிருந்தால் சந்தேகித்தவர்கள் சொன்னதே சரி என்று ஆகியிருக்கும். நிறுத்தவில்லை, அடுத்த ஓர் ஆண்டில் மவுண்ட் மாங்கனூயி, கராச்சி, ஹராரே, கிங்ஸ்டன் என்று நான்கு ஊர்களில் நான்கு சதங்கள் வந்தன. காத்திருந்த பதினோரு ஆண்டுகளில் எத்தனை சதங்கள் வராமல் போயின என்று யாரால் சொல்ல முடியும்?

2025 மே மாதம் ரோகித் சர்மாவும் கோலியும் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்து செல்லும் அணியில் கருண் பெயர் இடம்பெற்றது. கேன்டர்பரியில் இந்தியா ஏ அணிக்காக 204 அடித்துவிட்டுத்தான் லீட்ஸ் டெஸ்டுக்குள் நுழைந்தார். அங்கே ஆறாம் இடத்தில் இறங்கி 0, 20. எட்ஜ்பாஸ்டனில் மூன்றாம் இடத்துக்கு மாற்றப்பட்டு 31, 26. லார்ட்ஸில் 40, 14. மான்செஸ்டரில் வெளியே. ஓவலில் ஐந்தாம் இடத்தில் 57, இரண்டாவது இன்னிங்ஸில் 17. மொத்தம் 205. எட்டு இன்னிங்ஸில் மூன்று வெவ்வேறு இடங்கள். ஸ்கோர் புத்தகத்தில் இந்த எண்கள் தோல்வியாகத்தான் பதிவாகும். உண்மையில் குறையும் இருந்தது: 30, 40 வரை வந்த பின் நிலைக்கவில்லை, லார்ட்ஸின் இரண்டாவது இன்னிங்ஸில் உள்ளே வந்த பந்தை ஆடாமல் விட்டு எல்பிடபிள்யூ ஆனது கண்ணுக்குத் தெரிந்த தவறு. ஆனால் ஓவலின் பச்சைப் புல் ஆடுகளத்தில் இந்தியா 224க்குச் சுருண்டபோது அரைச்சதம் எடுத்தவர் அவர் ஒருவர்தான். அந்த ஆட்டத்தை இந்தியா ஆறு ரன்னில் வென்றது என்பதை நினைத்துப் பார்க்கும்போது அந்த 57இன் எடை கூடுகிறது.

அதே தொடரில் மூன்றாம் இடத்துக்கு அவரோடு போட்டியிட்டவர் சென்னையின் சாய் சுதர்சன். தமிழ் ரசிகர்களுக்கு இது தர்மசங்கடமான ஒப்பீடு, ஆனால் தவிர்க்கக் கூடாதது. ஆறு இன்னிங்ஸில் சாய் எடுத்தது 140 ரன். அணிக்குத் தேர்வானபோது அவருடைய முதல்தர சராசரி 40ஐ ஒட்டித்தான் இருந்தது. எண்களை மட்டும் வரிசைப்படுத்தினால் கருண்தான் மேலே. ஆனால் ஒருவருக்கு வயது 23, மற்றவருக்கு 33. அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அணியில் சாய் தொடர்ந்தார், கருண் விலக்கப்பட்டார். அவரிடமிருந்து இன்னும் சற்று அதிகமாக எதிர்பார்த்தோம் என்று தேர்வுக்குழுத் தலைவர் அஜித் அகர்கர் காரணம் சொன்னார். டில்லி டெஸ்டில் சாய் 87, 39 எடுத்தார். சாய்க்குக் கிடைத்த பொறுமையை நான் வரவேற்கிறேன். மூன்றாம் இடத்தில் அவர் இந்தியாவுக்காக நீண்ட காலம் ஆட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்தப் பொறுமை 2017இல் 25 வயதுக் கருணுக்கும் உரியதாக இருந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லாவிட்டால், நம் ஊர்க்காரர் என்பதற்காக மட்டுமே நாம் நியாயம் பேசுகிறோம் என்றாகிவிடும். 33 வயதில் எட்டு இன்னிங்ஸோடு நிறுத்தியது கடினமான முடிவு. ஆனால் முன்னோக்கிப் பார்க்கும் குழு எடுக்கக்கூடிய முடிவுதான். 25 வயதில் நான்கு இன்னிங்ஸோடு நிறுத்தியதற்கு அப்படி ஒரு விளக்கமும் இல்லை. அவர் ஆட்டம் உச்சத்தில் இருந்திருக்க வேண்டிய வயது, அந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் கழிந்துபோனது.

கருண் மீண்டும் கர்நாடகத்துக்கே திரும்பினார். 2025-26 ரஞ்சிப் பருவத்தின் தொடக்கத்தில் கோவாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 174, கேரளத்துக்கு எதிராக 233. அதற்குச் சில நாட்கள் கழித்துத் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் அணி அறிவிக்கப்பட்டது. அதில் அவர் பெயர் இல்லை.